எடை மெஷினைத் தள்ளி வையுங்கள், முதலில் அந்த வாந்தியைக் கவனியுங்கள்

கேள்வி:

எனக்கு 36 வயது, உயரம் 160 செ.மீ., ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 2 குழந்தைகள். 112 கிலோ இருந்தேன், 6 வருடமாகச் சுகர். 10 வாரத்துக்கு முன் எடை குறைக்க இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். முதல் 7 வாரத்தில் 16 கிலோ குறைந்தது. அப்புறம் 3 வாரமாக 96-லேயே நிற்கிறது. என் கணவரின் பெரியப்பா மகன் இதே மாதிரி ஆபரேஷன் செய்து 6 மாதத்தில் 40 கிலோ குறைந்தார். நாலரை லட்சம் செலவு செய்தும் எனக்கு ஃபெயிலியர் ஆகிவிட்டதா? 60 கிலோவுக்கு எப்போது வருவேன்? காலையில் மாமியார் காய்ச்சித் தரும் ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி, மதியம் 4 ஸ்பூன் ரசம் சாதம், சாயங்காலம் டீயும் 2 பிஸ்கட்டும், ராத்திரி அரை தோசை, இவ்வளவுதான் சாப்பிடுகிறேன். வாரத்தில் 4, 5 தடவை சாப்பிட்டதும் வாந்தி வந்துவிடுகிறது, அது இந்த ஆபரேஷனில் சகஜம் என்கிறார்கள். சத்து மாத்திரை குமட்டுவதால் நிறுத்திவிட்டேன். முடி கொட்டும் என்று பயமுறுத்துகிறார்கள். அடுத்த மாதம் நாத்தனார் கல்யாணம், பந்தியில் உட்காரலாமா?

பதில்:

சகோதரி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி எடையைப் பற்றி இருக்கிறது. வாந்தியைப் பற்றி ஒரே ஒரு வரி, மாத்திரையை நிறுத்தியது பற்றி ஒரு வரி. எனக்குக் கவலை தருவது அந்த 2 வரிகள்தான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை.

10 வாரம் ஆன பிறகு வாரத்துக்கு 4, 5 தடவை வாந்தி எடுப்பது சகஜம் இல்லை. யார் அப்படிச் சொன்னார்களோ அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அது தவறு. அவசரமாக விழுங்கியதாலோ ஒரு வாய் கூடப் போனதாலோ என்றைக்காவது ஒரு நாள் வருவது வேறு, வாரா வாரம் இப்படி வருவது வேறு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள், மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் மாதிரி நிற்கிறது. அந்தக் குழாயின் நடுவில் வளைவு இருக்கும் இடத்தில் சிலருக்குச் சுருங்கிப்போகும், அல்லது லேசாக முறுக்கிக்கொள்ளும். ஆபரேஷன் முடிந்த முதல் சில மாதங்களிலேயே இது தெரிய ஆரம்பிக்கும். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் தெரிந்துவிடும், பெரும்பாலும் பலூன் வைத்து விரித்தே சரிசெய்யவும் முடியும். உங்களுக்கு அதுதான் என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது, வெறுமனே சாப்பிடும் வேகம்கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால் எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் உங்கள் சர்ஜன். அவரிடம் இந்த வாரமே போங்கள். அடுத்த செக்கப் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அவசரம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் வைட்டமின் பி1. தயமின் என்பார்கள். நம் உடம்பில் இதன் கையிருப்பு மிகக் குறைவு, உள்ளே எதுவும் போகாவிட்டால் 2, 3 வாரத்தில் தீர்ந்துவிடும். சாப்பாடு குறைவு, வாந்தி, மாத்திரையும் இல்லை என்ற மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். நான் 11 வருடமாக இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு டயட்டீஷியனாக இருக்கிறேன். அதில் ஒரு பெண்ணை மறக்கவே முடியாது. திட்டுவார்களோ என்று பயந்து 2 மாதமாக வாந்தி எடுப்பதை எங்கள் யாரிடமும் சொல்லவில்லை, போனில் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கேன் என்றே சொன்னாள். கடைசியில் நேராக நடக்க முடியாமல் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பி1 ஊசி போட்டுத் தேறினாள், ஆனால் கால் எரிச்சல் போக ஒரு வருடம் ஆனது. நானே இன்னும் துருவிக் கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும்.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பார்வை இரண்டு இரண்டாகத் தெரிவது, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், பாதத்தில் மரத்துப்போதல் அல்லது எரிச்சல், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி வந்தாலும் அப்படித்தான். காய்ச்சல், படபடவென்று நாடித்துடிப்பு, வயிற்று வலியோ இடது தோள் வலியோ, திடீர் மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவையும் காத்திருக்கக் கூடாதவை. பக்கத்தில் இருக்கும் சின்ன கிளினிக்குக்குப் போக நேர்ந்தால், அங்கே டிரிப்ஸ் போடும் முன் ஒன்றைச் சொல்லுங்கள்: "எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கு, பல வாரமா வாந்தி, குளுகோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி பி1 போடுங்க." குளுகோஸ் முதலில் ஏறினால் மிச்சம் இருக்கும் கொஞ்சநஞ்ச பி1-ம் செலவாகி நிலைமை மோசமாகலாம். உங்கள் கணவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும்.

சர்ஜனைப் பார்க்கும்வரை கெட்டியான உணவு வேண்டாம். பால், மோர், கட்டியில்லாமல் கரைத்த பருப்புத் தண்ணீர், சிக்கன் சூப், புரோட்டீன் பவுடர் என்று திரவத்துக்குத் திரும்பிவிடுங்கள். இதைப் பின்னடைவு என்று நினைக்காதீர்கள்.

சரி, இப்போது எடைக்கு வருகிறேன். 7 வாரத்தில் 16 கிலோ என்பது உங்கள் ஆரம்ப எடையில் 14 சதவீதம். 10 வாரக் கணக்கிலும் அது நல்ல குறைவுதான், நீங்கள் பின்தங்கவே இல்லை. ஆரம்பத்தில் மளமளவென்று குறைவதில் பெரும்பங்கு தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் தன் எடையைப் போல 3 மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சாப்பாடு குறைந்ததும் அது கரைந்து தண்ணீரும் கூடவே போய்விடுகிறது. அப்புறம் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது, மெஷின் நின்றுவிடுகிறது. 3 வாரம் நிற்பதை நான் வாரா வாரம் யாரிடமாவது பார்க்கிறேன். இதே மாதிரி இன்னும் 2, 3 தடவை நிற்கும். தினமும் காலையில் மெஷினில் ஏறி அழுவதை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் பாருங்கள். இடுப்பை ஒரு டேப்பில் அளந்து எழுதி வையுங்கள். எடை நிற்கும் வாரங்களிலும் ஜாக்கெட் லூசாவது உண்டு.

60 கிலோ எப்போது என்றால், பெரும்பாலும் வராது. இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உங்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது உங்கள் குற்றம் இல்லை. ஸ்லீவ் செய்தவர்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் சராசரியாக ஆரம்ப எடையில் கால் பங்கு, கொஞ்சம் நன்றாகப் போனால் 30 சதவீதம் இறங்குகிறார்கள். உங்கள் கணக்கில் அது 28 முதல் 34 கிலோ. அதாவது 78 முதல் 84 கிலோவுக்குள் எங்கேயோ நிற்பீர்கள். அதைவிடக் குறைபவர்களும் உண்டு, குறையாதவர்களும் உண்டு. 2 வருடத்துக்கு அப்புறம் கொஞ்சம் ஏறுவதும் இயல்புதான். சுவீடனில் 1987-ல் ஆரம்பித்து சுமார் நாலாயிரம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு இருக்கிறது. அதில் இரைப்பை பைபாஸ் (இதய பைபாஸ் இல்லை, இரைப்பையைச் சின்னதாக்கி நேராகச் சிறுகுடலில் இணைக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் 32 சதவீதம் வரை குறைந்தார்கள், 10 வருடம் கழித்துப் பார்த்தபோது 25 சதவீதத்தில் நின்றார்கள். கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆனால் பெரும்பாலானவர்கள் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணமும் குறைவாகவே இருந்தது.

உங்கள் கொழுந்தனாரோடு ஒப்பிட வேண்டாம். அவர் ஆண், தசை அதிகம், ஆரம்ப எடை எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, 150-ஆக இருந்தால் 40 கிலோ என்பது அவருக்கு 27 சதவீதம்தான். அவருக்கு நடந்தது ஸ்லீவா பைபாஸா என்பதும் தெரியாது. வீட்டில் ஒரே மாதிரி என்று பேசிக்கொள்வார்கள், 2 ஆபரேஷனும் வேறு வேறு.

கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்று, சுகர். 6 வருடமாக இருந்த சுகர் இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரை குறைத்தார்களா? நிறைய பேருக்கு எடை இறங்குவதற்கு முன்பே, டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மாத்திரை பாதியாகிவிடும். இங்கேயும் கனவை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். சுகர் இருந்தவர்களை 5 வருடம் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2017-ல் வெளியானது. மூன்று மாத சுகர் சராசரி (HbA1c) 6-க்குள் இருந்தவர்கள் ஸ்லீவ் செய்தவர்களில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். 23 சதவீதம் என்பது குறைவாகத் தெரியும், ஆனால் மற்ற பலரும் முன்பைவிடக் குறைந்த மாத்திரையில் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தார்கள். என்னைக் கேட்டால் உங்களுக்கு இந்த ஆபரேஷனின் பெரிய லாபம் கிலோவில் இல்லை, இதில்தான். ஒரு எச்சரிக்கை: இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு பழைய அளவில் சுகர், பிரஷர் மாத்திரை போட்டால் மயக்கம் வரும். சர்ஜனைப் பார்க்கும்போது அந்த மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.

இப்போது உங்கள் சாப்பாடு. நீங்கள் எழுதியதைக் கூட்டிப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 10 கிராம் புரதம்கூட வரவில்லை. வேண்டியது குறைந்தது 60. கஞ்சி, ரசம் சாதம், பிஸ்கட், தோசை எல்லாமே மாவுச்சத்து. உங்கள் மாமியார் தெம்புக்காகத்தான் கஞ்சி காய்ச்சித் தருகிறார், அந்த அன்பைத் தட்டிக்கழிக்கச் சொல்லவில்லை. அதே கஞ்சியில் பாசிப்பருப்பை நன்றாகக் குழையவிட்டு, கொழுப்பு எடுத்த பால் பவுடர் 2 ஸ்பூன் கலக்கச் சொல்லுங்கள். ஆனால் அளவு பாதி டம்ளர்தான், மீதி இடம் புரதத்துக்கு வேண்டும்.

வாந்திக்கு வழி பிறந்த பிறகு, மறுபடி திட உணவுக்கு வரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலை 7 மணிக்கு 150 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர், அதிலேயே 25 கிராம் கிட்ட வந்துவிடும். 9.30-க்கு வேகவைத்த முட்டை ஒன்று, கூட சாம்பாரில் ஊறிய குட்டி இட்லி. மதியம் முதலில் மீன் குழம்பில் இருக்கும் மீன், 50 கிராம், முள் இல்லாமல் உதிர்த்து. அப்புறம் குழைந்த பருப்பு 2 ஸ்பூன், நன்றாக வெந்த சுரைக்காயோ பீர்க்கங்காயோ. இடம் இருந்தால் மட்டும் ஒரு ஸ்பூன் சாதம். 4 மணிக்கு ஒரு சின்னக் கிண்ணம் தயிர். ராத்திரி பன்னீர் 40 கிராம் உதிர்த்து வதக்கியது, அல்லது இன்னொரு முட்டை. கூட்டினால் 60-க்குக் கிட்டே வந்துவிடும். செவ்வாய், வெள்ளி அசைவம் கிடையாது என்றால் அன்றைக்கு மீனுக்குப் பதில் சோயா உருண்டை (மீல் மேக்கர்) 25 கிராம் ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி வதக்குங்கள், 13 கிராம் கிடைக்கும். ஆட்டுக்கறி, புரோட்டா, பிரெட், கட்டியாக உருட்டிய சாதம், இவை இந்தக் குழாயில் மாட்டிக்கொள்ளும், அவற்றுக்கு இன்னும் சில மாதம் பொறுங்கள்.

சாப்பிடும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் யாருமே இதைக் கற்றுக்கொள்வதில்லை. ஆபீஸ் லஞ்ச் பிரேக்கில் 10 நிமிஷத்தில் டப்பாவைக் காலி செய்து பழகிய கை அது. இப்போது டீஸ்பூனில் எடுங்கள், கூழாகும்வரை மெல்லுங்கள், விழுங்கியதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். 20 நிமிஷத்துக்குக் குறையாமல் ஆக வேண்டும், அரை மணியைத் தாண்டியும் கொறித்துக்கொண்டிருக்க வேண்டாம். வயிறு நிறைந்தது என்ற பழைய உணர்ச்சி இனி வராது, அதற்குப் பதில் சின்னச் சின்ன சமிக்ஞைகள் வரும்: திடீரென்று ஒரு விக்கல், மூக்கில் நீர், தும்மல், நெஞ்சுக்குழியில் ஒரு இறுக்கம். சிலருக்கு வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். முதல் சமிக்ஞையிலேயே நிறுத்திவிட வேண்டும், தட்டில் ஒரே ஒரு வாய் மிச்சம் இருந்தாலும். சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு அந்த ஒரு வாய்தான் கஷ்டம், உங்கள் வாந்தியில் பாதி அந்த ஒரு வாயில்கூட இருக்கலாம். குறைவாகப் போட்டுக்கொள்ளுங்கள், வீணாகாது.

தண்ணீர் சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்து ஆரம்பித்து, மடக் மடக்கென்று இல்லாமல் வாய் வாயாக, நாள் முழுக்க ஒன்றரை லிட்டராவது. ஜவுளிக் கணக்கில் உட்கார்ந்துவிட்டால் மறந்துபோகும், மேசையில் ஒரு பாட்டிலைக் கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். சோடா, கூல் டிரிங்க்ஸ், பழ ஜூஸ் வேண்டாம்.

அந்த சாயங்கால பிஸ்கட்டைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட மனம் வரவில்லை. பிஸ்கட், முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் இவையெல்லாம் வாயிலேயே கரைந்து குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். முட்டையும் மீனும் கொஞ்சம் உள்ளே போனதுமே போதும் என்று தடுக்கும், இவை தடுக்காது. ஆபரேஷன் வயிற்றைச் சின்னதாக்கியிருக்கிறது. வெட்டி எடுத்த பகுதியில்தான் பசியைக் கிளப்பும் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும், அதனால் இந்த ஒரு வருடம் பசியும் குறைவாக இருக்கும். ஆனால் 4 மணிக்கு வேலைக் களைப்பில் வரும் ஆசை வயிற்றிலிருந்து வருவதில்லை. அதை எந்த சர்ஜனும் வெட்டி எடுக்க முடியாது. 2, 3 வருடம் கழித்து எடை ஏறி என்னிடம் திரும்பி வருபவர்கள் யாரும் சோற்றுக் குண்டானைக் காலி செய்தவர்கள் இல்லை, டீயோடு ரெண்டே ரெண்டு என்று ஆரம்பித்தவர்கள். பசி குறைவாக இருக்கும் இந்தக் காலத்திலேயே புதுப் பழக்கத்தை ஊன்றிவிட்டால் பின்னால் சுலபம்.

மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும். கசப்பான விஷயம்தான். பெரும்பாலும் குமட்டுவது வெறும் வயிற்றில் போடுவதாலோ, அதில் இருக்கும் இரும்பாலோ. மெல்லும் வகை இருக்கிறது, கேளுங்கள். மல்டிவிட்டமினைச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள், கால்சியத்தையும் இரும்பையும் 2 மணி நேரம் தள்ளி வையுங்கள், இரும்பு மாத்திரை பக்கத்தில் டீ வேண்டாம். கால்சியத்தில் சிட்ரேட் என்று போட்டிருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். பி12 மாத்திரையோ ஊசியோ, டாக்டர் சொல்வதுபோல. ரத்தப் பரிசோதனை 3, 6, 12 மாதத்தில், அப்புறம் வருடத்துக்கு ஒரு தடவை. உடம்பு நன்றாக இருக்கிறது என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம், நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

நிறைய பேருக்கு முடி கொட்டும். 3-வது, 4-வது மாதத்தில் சீப்பில் கொத்தாக வரும்போது அதிர்ச்சியாகத்தான் இருக்கும். ஆபரேஷனும் வேகமான எடைக்குறைவும் உடம்புக்கு ஒரு அடி, அதில் நிறைய முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்ப் பிறகு உதிர்கின்றன. வேர் சாகவில்லை, சில மாதத்தில் நின்று மறுபடி வளரும். ஆனால் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைந்தால் இன்னும் அதிகமாகவும் இன்னும் நாளாகவும் கொட்டும். விலையுயர்ந்த எண்ணெயில் போடும் காசை முட்டையில் போடுங்கள்.

தோல் தொங்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்பீர்கள். கை, வயிறு, தொடையில் கொஞ்சம் தொங்கும், உடற்பயிற்சியால் முழுக்கப் போகாது. நடை, சர்ஜன் சரி என்றபின் லேசான டம்பெல், இவை தசையைக் காப்பாற்றும். இன்னொன்று: எடை இறங்கும்போது மாதவிடாய் சீராகும், கர்ப்பம் தரிப்பதும் சுலபமாகிவிடும். குறைந்தது ஒரு வருடம், முடிந்தால் ஒன்றரை வருடம் கர்ப்பம் வேண்டாம், கருத்தடை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

கல்யாணத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள், பந்தியிலும் உட்காருங்கள். கிளம்பும் முன் வீட்டிலேயே புரோட்டீன் பால் குடித்துவிட்டால் இலை முன்னால் தடுமாற்றம் இருக்காது. கடைசிப் பந்திக்குப் போங்கள், யாரும் எழுந்திருக்கச் சொல்லி அவசரப்படுத்த மாட்டார்கள். கூட்டு, பருப்பு, தயிர், இந்த மூன்றையும் ஒவ்வொரு ஸ்பூன் வைக்கச் சொல்லி மற்றதற்குக் கையை நீட்டித் தடுத்துவிடுங்கள். பாயசம் ஒரு டீஸ்பூன் நாக்கில் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை. "என்னம்மா இப்படி இளைச்சுட்ட, சுகர் முத்திடுச்சா" என்று ஒரு அத்தையாவது கேட்பார். ஆபரேஷன் என்று சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம், "டாக்டர் டயட் அத்தை" என்பதும் உண்மைதான். அந்த வீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஒருவர் வேண்டும், உங்கள் கணவரை உட்காரச் சொல்லுங்கள். உங்கள் இலையில் மிச்சம் இருந்தால் அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சர்ஜனைப் பார்த்ததும் அவர் என்ன சொன்னார், பி1 ஊசி போட்டார்களா, ரத்தத்தில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கல்யாண வாரத்துக்கு உங்களுக்கென்று தனியாக ஒரு சாப்பாட்டுப் பட்டியல் போட்டுத் தருகிறேன்.